கார் ஏசிக்கு வீட்டிலேயே கேஸ் போடலாமா? ஒரு சின்ன டப்பாவின் வரலாறு

டெக்சாஸில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் 1991-ஆம் வருடத்து டொயோட்டா கேம்ரியைச் சல்லிசான விலைக்கு வாங்கியிருக்கிறார். ஏசியில் மட்டும் குளிர் இல்லையாம். "இங்கே கடையில் ஏசி கேஸைச் சின்ன டப்பாவில் விற்கிறார்கள் சார். நானே வீட்டு வாசலில் வைத்துப் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டிருந்தார். ஆமாம், இல்லை என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். வேதியியல் வாத்தியாரிடம் கேட்டால் அப்படி முடியுமா? பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். பெட்ரோல் எரிந்து தீரும். எஞ்சின் ஆயில் கருத்துக் கெடும். ஏசி கேஸ் தீர்வதே இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகிச் சுற்றி வருகிறது. ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது; முன்னால் இருக்கும் கண்டென்சரில் திரவமாகும்போது அதை வெளியே விடுகிறது. கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிந்து வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். போனது எங்கே போயிற்று என்று நாற்பது வருடத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை. இந்த வரலாறே அதுதான்.

1920-களில் அமெரிக்க வீடுகளில் குளிர்பதனப் பெட்டி வந்தபோது உள்ளே இருந்தது அமோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு. மூன்றுமே விஷம். இரவில் கசிந்தால் வீட்டில் தூங்குபவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அப்படி இறந்தவர்களும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமாக ஃப்ரிஜிடேர் என்ற குளிர்பதனப் பெட்டி நிறுவனம் இருந்தது. விஷமும் இல்லாத, தீயும் பிடிக்காத ஒரு கேஸ் அவர்களுக்கு வேண்டும். அந்த வேலை தாமஸ் மிட்ஜ்லியிடம் வந்தது. பெட்ரோலில் ஈயம் கலக்க வழி சொன்னவரும் இவர்தான். ஒரே மனிதர் காற்றுக்கு இரண்டு முறை இப்படிச் செய்திருக்கிறார்!

அவர் தேடிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். தனிம வரிசை அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டார். எளிதில் ஆவியாகும் சேர்மங்களைத் தரும் தனிமங்கள் வலது பக்கம்தான் இருக்கின்றன. இடமிருந்து வலமாகப் போகப் போக எரியும் தன்மை குறைகிறது. கீழிருந்து மேலே போகப் போக நச்சுத்தன்மை குறைகிறது. இரண்டு கோடும் சந்திக்கும் மூலையில் ஃப்ளூரின்! தனியாக இருந்தால் அதைப்போல் பொல்லாத தனிமம் வேறு இல்லை. ஆனால் கார்பனோடு இறுகப் பிணைந்துவிட்டால் பரம சாது. பன்னிரண்டாம் வகுப்பில் அட்டவணையை மனப்பாடம் செய்து என்ன பயன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இதுதான் பதில்.

அதற்குத் தேவைப்பட்ட ஆன்டிமனி ட்ரைஃப்ளூரைடை ஐந்து சின்ன பாட்டில்களில் வாங்கினார்கள். முதல் பாட்டிலை வைத்துத் தயாரித்த கேஸைக் கினிப்பன்றி சுவாசித்தது, ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பாட்டிலில் தயாரித்ததைச் சுவாசித்த கினிப்பன்றி செத்துவிட்டது. தேடிப் பார்த்தால், ஐந்தில் நான்கு பாட்டில்களில் கலப்படம்; அதனால் கேஸில் பாஸ்ஜீன் என்ற விஷவாயு சேர்ந்திருக்கிறது. சுத்தமான அந்த ஒரே பாட்டில் முதலில் கைக்கு வந்திராவிட்டால் முயற்சியையே கைவிட்டிருப்போம் என்று மிட்ஜ்லியே பின்னாளில் எழுதினார்.

1930-இல் அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் அந்தக் கேஸை நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமில்லை, எரியாது: இரண்டும் ஒரே மூச்சில் நிரூபணம். ஃப்ரீயான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்தக் குடும்பத்தில் ஆர்-12 என்பதுதான் நம் கதாநாயகன்.

காருக்கு ஏசி வந்தது 1939-இல், பேக்கார்ட் கம்பெனியின் 1940 மாடலில். டிக்கியில் பாதியை அதுவே அடைத்துக்கொள்ளும். நிறுத்துவதற்கு சுவிட்ச் கிடையாது. பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அந்த மாடல் எடுபடவில்லை. போருக்குப் பிறகு 1950-களில் மெல்லப் பரவி, 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு ஏசி இருந்தது.

வீட்டு ஃப்ரிட்ஜும் கார் ஏசியும் ஒரே தத்துவம்தான். ஆனால் ஃப்ரிட்ஜில் மோட்டாரையும் கம்ப்ரசரையும் ஒரே இரும்புக் கூட்டில் வைத்து வெல்டிங் செய்துவிடுகிறார்கள். இருபது வருடம் ஆனாலும் கேஸ் அப்படியே இருக்கும். காரில் கம்ப்ரசரைச் சுற்றுவது எஞ்சினின் பெல்ட். எனவே ஒரு தண்டு கூட்டைத் துளைத்து வெளியே வந்தாக வேண்டும். அந்த இடத்தில் சீல். எஞ்சின் ஆடும், எனவே இரும்புக் குழாய் ஆகாது, ரப்பர் ஹோஸ் வேண்டும். இணைப்புக்கு இணைப்பு ரப்பர் வளையம். கார் ஏசி கசியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அதனால்தான் டப்பா பிறந்தது. கோடை வந்தால் கடைக்குப் போய் ஆர்-12 டப்பா ஒன்றிரண்டு வாங்கி, வாசலில் வண்டியை நிறுத்தி, ஹோஸ் மாட்டி ஏற்றிவிடுவார்கள். விலையும் அற்பம். கசிவை அடைக்க மெக்கானிக்குக் கொடுப்பதைவிட வருடா வருடம் டப்பா வாங்குவது மலிவு. கேஸ் விஷமாக இருந்திருந்தால் யாராவது வீட்டு வாசலில் வைத்து ஏற்றுவார்களா? மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த அதே நல்ல குணம்தான் அதைச் சாதாரண மனிதர் கையில் கொடுத்தது.

எதோடும் சேராத கேஸ் என்றால் மழையும் அதைக் கழுவாது, வேறெதுவும் சிதைக்காது. 1970-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் லவ்லாக் கப்பலில் போய் அட்லாண்டிக் கடல்மேல் காற்றை அளந்தபோது, ஆர்-12-இன் சகோதரனான ஆர்-11 எங்கும் இருந்தது. ஷெர்வுட் ரோலண்ட் அந்தக் கணக்கைப் பார்த்தார்: அதுவரை உலகம் தயாரித்தது கிட்டத்தட்ட முழுவதும் அப்படியே காற்றில் நிற்கிறது! கடைசியில் எங்கே போகும் என்று அவரும் இளைஞரான மரியோ மொலினாவும் கணக்குப் போட்டு 1974-இல் வெளியிட்டார்கள். மெதுவாக மேலேறி ஓசோன் படலத்தை அடையும். அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடையும். விடுபட்ட ஒரு குளோரின் அணு பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும். தொழிற்சாலைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இருவருக்கும் பால் க்ரூட்சனோடு சேர்த்து நோபல் கிடைத்தது 1995-இல்.

1978-இல் அமெரிக்கா தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரேக்களில் இந்தக் கேஸைத் தடை செய்தது. காருக்கான டப்பாவைத் தொடவில்லை. கொண்டையைக் கலைக்கலாம், குளிரைக் கலைக்க முடியாது போலிருக்கிறது. 1985-இல் அண்டார்டிகா மேல் ஓசோன் ஓட்டை தெரிந்தது. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் ஒப்பந்தம். பள்ளிகளில் ஓசோன் தினம் என்று ஓவியப்போட்டி வைக்கிறோமே, அந்தத் தேதி. 1992 நவம்பரிலிருந்து அமெரிக்காவில் ஆர்-12 சின்ன டப்பா, சான்று பெற்ற மெக்கானிக்குக்கு மட்டும்தான். 1995 முடிவோடு பணக்கார நாடுகளில் உற்பத்தியும் நின்றது. விலை பல மடங்கு ஏறியது. உடனே மியாமி துறைமுகத்தில் கடத்தல்! போதைப்பொருளுக்கு அடுத்தபடி அதுதான் என்று சுங்கத்துறை சொல்லும் அளவுக்குப் போயிற்று.

வளரும் நாடுகளுக்கு 2010 வரை அவகாசம் இருந்தது. இந்தியாவில் இந்தக் கேஸைத் தயாரித்த நான்கு கம்பெனிகளில் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது. அணையைப் பார்த்துவிட்டு மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பும் நமக்கு அது தெரியாது. உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்த 1999-இல் இந்தியாவுக்கு 8 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்புக்கொள்ளப்பட்டது. கெடுவுக்குப் பதினேழு மாதம் முன்பே, 2008 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். ஊரில் நல்லது நடந்தால் செய்தியாவதில்லை.

இனி அந்த கேம்ரிக்கு வருவோம். அந்த வருடத்து வண்டி ஆர்-12-க்குச் செய்தது. இன்று கடையில் கிடைக்கும் டப்பா பெரும்பாலும் ஆர்-134ஏ. அதில் குளோரின் இல்லை, ஓசோனுக்குக் கேடில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப்போல் 1,430 மடங்கு. 340 கிராம் டப்பா ஒன்று கசிந்து போனால் இருநூறு லிட்டருக்கு மேல் பெட்ரோல் எரித்த கணக்கு. அதனால்தான் கலிபோர்னியாவில் 2010 முதல் தானே மூடிக்கொள்ளும் வால்வு உள்ள டப்பா மட்டும், அதுவும் 10 டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டு. டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ்.

இரண்டு கேஸையும் கலக்கக் கூடாது. ஆர்-12 வண்டியில் இருக்கும் மினரல் ஆயில் 134ஏ-யோடு கலந்து ஓடாது. ஆயில் திரும்பி வராமல் கம்ப்ரசர் காய்ந்து இறுகிவிடும். இணைப்பு வாயின் அளவையே வேண்டுமென்று மாற்றி வைத்திருக்கிறார்கள். அதற்கும் அடாப்டர் விற்கிறார்கள், அது வேறு கதை.

டப்பாவோடு வரும் மீட்டரை நம்பிவிட வேண்டாம். சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைந்திருந்தாலும், அடியில் கொஞ்சம் இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரிகிறது. உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. அதனால்தானே ஈரத்துணியால் துடைத்து அளவு பார்க்கிறோம்? நின்றிருக்கும் காரிலும் அதே கதை. கம்ப்ரசர் ஓடும்போது மீட்டர் காட்டுவதும் வெயிலுக்கு வெயில் மாறும். கேஸை எடை போட்டு ஏற்றுவதுதான் முறை. தப்பித் தவறி அதிக அழுத்தப் பக்கத்தில் டப்பாவை மாட்டினால் கையிலேயே வெடிக்கும். ஓட்டையை அடைக்கும் மருந்து கலந்த டப்பாவும் உண்டு. அது பட்டறை மெஷினையும் கெடுப்பதால் பல பட்டறைகள் அந்த வண்டியைத் தொடுவதே இல்லை.

ஆகவே வாசலில் செய்யக்கூடியது இவ்வளவுதான்: இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா என்று பார்க்கலாம். கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசியும். மீதியைப் பட்டறையில்தான் செய்ய வேண்டும். குழாயில் மிச்சம் இருக்கும் ஆர்-12-ஐ முதலில் மெஷினில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். காற்றில் திறந்துவிடுவது அமெரிக்காவில் 1992 முதல் குற்றம். பிறகு சீல், வளையங்கள், டிரையர் மாற்றி, ஈரம் போக வேக்குவம் போட்டு, கேஸ் ஏற்றலாம். 134ஏ-க்கு மாற்றுவதாக இருந்தால் பழைய ஆயிலை வடித்துவிட்டு அதற்குரிய ஆயிலை விட்டு, பழைய அளவில் சுமார் 80 முதல் 85 சதவீதம் போதும். உறிஞ்சி எடுத்த ஆர்-12 வீண் போகாது. சுத்தம் செய்து, ஆர்-12-லேயே ஓடும் இன்னொரு பழைய வண்டிக்குச் சட்டப்படி விற்கிறார்கள்.