சென்ப்-ஏ ஹிஸ்டோன்

குரோமோசோமின் சென்ட்ரோமியரில் மட்டும் தங்கும் தனிவகை ஹிஸ்டோன் புரதம் சென்ப்-ஏ. செல் பிரியும்போது கதிர்க்கோல் இழைகள் பற்றி இழுக்கும் இடமே சென்ட்ரோமியர். அந்த இடத்தைக் குறிப்பது பல உயிரிகளில் டி.என்.ஏ. வரிசை அன்று, இந்தப் புரதம்தான். தாவரங்களில் இதற்குச் சென்-ஹெச்3 என்று பெயர்.

நியூக்ளியோசோமில் நான்கு வகை ஹிஸ்டோன்கள் இரண்டிரண்டாக அமைந்திருக்க, அவற்றைச் சுற்றி டி.என்.ஏ. வளைந்திருக்கும். சென்ட்ரோமியரின் சில நியூக்ளியோசோம்களில் அந்த நான்கில் ஒன்றான ஹெச்3-க்குப் பதில் சென்ப்-ஏ இருக்கிறது. அதை அடையாளம் கண்டு பிற புரதங்கள் கூட, கதிர்க்கோல் இழைகள் பற்றும் கைனிட்டோகோர் உருவாகிறது.

1985இல் வில்லியம் எர்ன்ஷா, நவோமி ராத்ஃபீல்டு இருவரும் சென்ப்-ஏவைக் கண்டறிந்தது நோயாளிகளின் இரத்தத்தைக் கொண்டுதான். தோல் இறுகிப்போகும் ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகள் சிலருடைய சீரத்தில், சென்ட்ரோமியரையே பற்றும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அவை பற்றிக்கொண்ட புரதங்களுக்கு ஏ, பி, சி என்று வரிசையாகப் பெயர் வைத்தார்கள்.

டி.என்.ஏ. இரட்டிக்கும்போது பழைய சென்ப்-ஏ இரு பிரதிகளுக்கும் பங்காகிறது. மனித செல்லில் குறைந்ததை நிரப்புவது செல் பிரிந்த பிறகே. ஹெச்-ஜுர்ப் என்ற துணைப்புரதம் புதியதைக் கொண்டுவந்து சேர்க்கிறது. பழையது இருக்கும் இடத்துக்கே புதியதும் வருவதால், தலைமுறை மாறினாலும் இடம் மாறுவதில்லை.

இடத்தைக் குறிப்பது டி.என்.ஏ. வரிசை அன்று என்பதற்கு நல்ல சான்று, குழந்தைகளின் நாக்கில் வெண்படலம் உண்டாக்கும் பூஞ்சையான கேண்டிடா அல்பிகன்ஸ். ஜான் கார்பனின் ஆய்வகத்தில் இருந்தபோது கௌஸ்துவ் சன்யால் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதன் எட்டுக் குரோமோசோம்களின் சென்ட்ரோமியர் வரிசைகளும் ஒன்றுக்கொன்று வேறு. பின்னர் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர்நிலை அறிவியல் ஆய்வு மையத்தில் அவர் குழு இந்த ஆய்வைத் தொடர்ந்தது. சென்ட்ரோமியரை வெட்டி நீக்கினாலும் அருகிலேயே புதியது முளைப்பதும் தெரியவந்தது.

வேளாண்மைக்கு நெருக்கமான கண்டுபிடிப்பு 2010இல் வந்தது. மருதாச்சலம் ரவியும் சைமன் சானும் கலிபோர்னியாவில் அரபிடாப்சிஸ் செடியின் சென்-ஹெச்3 வால் பகுதியை மாற்றி, அச்செடியை இயல்பான செடியுடன் கலப்பினம் செய்தனர். கருவில் மாற்றுப்புரதம் கொண்ட பெற்றோரின் குரோமோசோம்கள் உதிர்ந்துபோயின. வழித்தோன்றல்களில் பல, பத்துக்கு ஐந்தே குரோமோசோம் உள்ள ஒருமடியச் செடிகளாக இருந்தன. ஒருமடியத்தை இரட்டித்தால் தூய வழி உடனே கிடைக்கும். தன்மகரந்தச் சேர்க்கையில் அதற்குப் பல தலைமுறை ஆகும். ரவி பின்னர் திருவனந்தபுரம் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் (ஐசர்) இத்துறையில் ஆய்வைத் தொடர்ந்தார். கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் இம்முறை பலித்திருக்கிறது, ஆனால் அரபிடாப்சிஸில் கிடைத்த விகிதம் அவற்றில் கிடைக்கவில்லை.