திமிங்கலம் காட்டிப் பிழைத்த ஊர்

படகில் ஏறித் திமிங்கலம் பார்க்கப் போகிறீர்கள். கடலெல்லாம் சுற்றியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சோர்ந்துபோய்க் கரைக்கு வந்தால், டிக்கெட் பணத்தில் 80 சதவீதத்தை எண்ணித் திருப்பிக் கொடுக்கிறார்கள். எந்த வியாபாரியாவது இப்படி உத்தரவாதம் கொடுப்பானா? சரக்கு இவன் கையில் இல்லை. கடலுக்கு அடியில், ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், தன் இஷ்டத்துக்கு நீந்திக்கொண்டிருக்கிறது! ஆனாலும் நியூசிலாந்தின் கைக்கோராவில் ஒரு நிறுவனம் இந்த உத்தரவாதத்தைக் கொடுத்து வருகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை திமிங்கலத்தைக் காட்டிவிடுகிறோம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு.

அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

நியூசிலாந்து தென்தீவின் கிழக்குக் கரையில், கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்கு வடக்கே சுமார் 180 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கைக்கோரா. சுமார் 2000 பேர் வாழும் சின்ன ஊர். ஒரு பக்கம் 2600 மீட்டர் உயர மலைத்தொடர், மறுபக்கம் பசிபிக் கடல். மாவோரி மொழியில் 'கை' என்றால் சாப்பாடு, 'கோரா' என்றால் சிங்கி இறால். பெயரிலேயே சாப்பாடு இருக்கும் ஊர். ஆனால் அந்த ஊரின் சொந்த மக்களுக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லாத காலமும் வந்தது.

அங்கே தொன்றுதொட்டு வாழும் மாவோரிகள் காட்டி குரி குழுவினர். தென்தீவின் பெரிய இனக்குழுவான ஙாய் டாஹுவைச் சேர்ந்தவர்கள். (தமிழில் பெரும்பாலும் சும்மாவே கிடக்கும் 'ங' எழுத்துக்கு இங்கே ஒரு வேலை கிடைத்துவிட்டது!) பைக்கேயா என்ற தங்கள் மூதாதை திமிங்கலத்தின் முதுகில் ஏறி நியூசிலாந்துக்கு வந்தார் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. 2002-ல் வந்த 'வேல் ரைடர்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். கரையொதுங்கிய திமிங்கலம் அவர்களுக்குக் கடல் கொடுத்த கொடை. கறி, எண்ணெய், எலும்பு, பல் எதையும் வீணாக்க மாட்டார்கள்.

1842-ல் ராபர்ட் ஃபைஃப் என்பவர் இங்கே திமிங்கல வேட்டை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். குளிர்காலத்தில் கரையோரமாக வரும் 'ரைட் வேல்' வகைதான் முதல் குறி. 'ரைட்' என்றால் வேட்டைக்குச் 'சரியான' திமிங்கலம் என்று அர்த்தம்! மெதுவாக நீந்தும், எண்ணெய் அதிகம், செத்தாலும் மூழ்காமல் மிதக்கும். இந்த நல்ல குணங்களே அதற்கு எமனாயின. சில ஆண்டுகளிலேயே அவற்றின் வரத்து சரிந்துவிட்டது. ஃபைஃப் குடும்பத்தின் வீடு இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. அதன் அஸ்திவாரத்தில் கல்லுக்குப் பதிலாகத் திமிங்கலத்தின் முதுகெலும்புத் துண்டுகளை வைத்திருக்கிறார்கள்.

வேட்டைக்காரர்களுக்குப் பிறகு அரசாங்கம் வந்தது. 1859-ல் 'கைக்கோரா கிரயம்' எழுதப்பட்டது. சுமார் 28 லட்சம் ஏக்கர் நிலம், விலை 300 பவுண்டு. அச்சுப்பிழை இல்லை, முந்நூறு பவுண்டுதான். ஒரு பவுண்டுக்குத் தோராயமாக ஒன்பதாயிரம் ஏக்கர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாவோரிகளுக்கென்று ஒதுக்கி வைத்தது ஆறாயிரம் ஏக்கருக்கும் குறைவு. நிலம் போனபின் கூலி வேலைதான் கதி. 1945-ல் ரயில் பாதை முழுமையானது. ரயில்வே, பொதுப்பணித்துறை, தபால் துறை என்று அரசு வேலைகளை நம்பித்தான் பல குடும்பங்களின் அடுப்பு எரிந்தது.

1984-ல் ஆட்சிக்கு வந்த லேபர் கட்சி அரசின் நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸ். மானியங்களை வெட்டினார், அரசுத் துறைகளை லாபம் பார்க்கும் கம்பெனிகளாக மாற்றினார். 'ரோஜர்னாமிக்ஸ்' என்று பொருளாதாரப் பாடப் புத்தகங்களில் வரும் விஷயம் இதுதான். புத்தகத்தில் இது 'மறுசீரமைப்பு' என்ற ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். கைக்கோராவில் அது ரயில்வேயில் வேலை பார்த்த ஆள் மறுநாள் காலை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது. வேலை போனவர்களில் மாவோரிகள்தான் அதிகம்.

அப்போதுதான் பில் சாலமன் போன்ற காட்டி குரி பெரியவர்கள் கடலைத் திரும்பிப் பார்த்தார்கள். பைக்கேயாவைச் சுமந்து வந்த திமிங்கலம் தன் பேரப்பிள்ளைகளைக் கைவிட்டுவிடுமா என்ன? 1987-ல் நான்கு குடும்பங்கள் தங்கள் வீடுகளை அடகு வைத்துக் கடன் வாங்கின. சில பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு சின்னப் படகு வந்தது. 'வேல் வாட்ச் கைக்கோரா' நிறுவனத்தின் பிறப்பு இதுதான்.

இன்று படிக்கும்போது இது அழகான கதை. அன்றைக்கு வங்கி மேலாளரின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பார்க்க வேண்டும். சந்தை இருக்கிறதா என்று தெரியாது, முன் அனுபவம் கிடையாது, ஊருக்குச் சுற்றுலாப் பயணிகள் நின்று தங்கும் பழக்கமே கிடையாது. பணம் போனால் வீடும் போகும். நிலத்தை ஏற்கெனவே 300 பவுண்டுக்கு இழந்த சனங்களுக்கு மிச்சமிருந்ததே அந்த வீடுகள்தான்.

திமிங்கலம் காட்டும் வியாபாரம் இவர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. அமெரிக்காவில் சான் டியேகோ மீனவர் ஒருவர் 1955-லேயே ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு சாம்பல் திமிங்கலங்களைக் காட்டக் கூட்டிப்போனார். ஆனால் அங்கே ஒரு சிக்கல் உண்டு. சாம்பல் திமிங்கலம் வடக்கிலிருந்து மெக்சிகோவுக்குக் குட்டி போடப் போகும்போதும் திரும்பும்போதும்தான் அந்தக் கரையைக் கடக்கும். குளிர்காலத்தில் சில மாதங்கள்தான் சீசன். உலகத்தில் பெரும்பாலான திமிங்கலச் சுற்றுலாக்கள் இப்படித்தான் நடக்கின்றன. சீசன் முடிந்தபிறகும் படகுக்குத் தேய்மானம் உண்டு, கடனுக்கு வட்டி உண்டு, மாலுமிக்குச் சம்பளம் உண்டு. மூன்று மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதச் செலவைச் சமாளிக்க வேண்டும். வீட்டை அடகு வைத்தவனுக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.

கைக்கோராவைக் காப்பாற்றியது கடலுக்கு அடியில் இருக்கும் ஒரு பள்ளத்தாக்கு. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே கடல் தரை சட்டென்று கீழே இறங்கத் தொடங்கி, ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போய்விடுகிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் இவ்வளவு ஆழத்தைப் பார்க்க வெகு தூரம் கடலுக்குள் போக வேண்டும். பள்ளத்தாக்கில் கணவாயும் ஆழ்கடல் மீன்களும் ஏராளம். அவற்றைத் தின்ன 'ஸ்பெர்ம் வேல்' என்ற எண்ணெய்த் திமிங்கலங்கள் வருகின்றன. (அம்பர்கிரிஸ் கடத்தல் என்று நம் செய்தித்தாள்களில் அடிக்கடி வருமே, அது இந்தத் திமிங்கலத்தின் குடலில் உண்டாவதுதான்.) வருவதெல்லாம் ஆண்கள். பெண்களும் குட்டிகளும் வடக்கே வெதுவெதுப்பான கடலில் இருந்துவிடும். ஆண்கள் மட்டும் சாப்பாட்டுக்காக இந்தக் குளிர்கடலுக்கு வந்து, வருஷம் முழுவதும் யாராவது ஒருவர் இருந்துகொண்டே இருப்பார். வெளியூர் மெஸ்ஸில் சாப்பிடும் பேச்சிலர்கள் மாதிரிதான்!

நிலைத்த வருமானம் எண்ணெய்த் திமிங்கலத்திடமிருந்து வந்துவிடுகிறது. மற்றவை எல்லாம் பருவத்துக்குப் பருவம் கிடைக்கும் போனஸ். அங்கே பருவங்கள் நமக்குத் தலைகீழ் என்பதை மறந்துவிடக் கூடாது. டிசம்பர் முதல் மார்ச் வரையிலான கோடையில் ஓர்க்காக்கள் தலைகாட்டும். ஜூன், ஜூலையில் மலையெல்லாம் பனி மூடியிருக்கும்போது, கூனல் திமிங்கலங்கள் அண்டார்க்டிக் பக்கமிருந்து வடக்கே வெப்பக் கடலை நோக்கிப் போகும் வழியில் இந்தக் கரையைக் கடக்கும். 'டஸ்கி' டால்பின்கள் நூற்றுக்கணக்கில் கூட்டம் கூட்டமாக எந்த மாதத்திலும் உண்டு. குட்டிக்கரணம் அடிப்பதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை.

எண்ணெய்த் திமிங்கலம் முக்கால் மணி நேரம்வரை ஆழத்தில் இருந்துவிட்டு, சுமார் பத்து நிமிடம் மட்டும் மேலே வந்து மூச்சு வாங்கும். அந்தப் பத்து நிமிடத்தில் படகு அங்கே இருந்தாக வேண்டும். அதற்காக நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். வேட்டையாடும் திமிங்கலம் 'டக் டக்' என்று ஓசை எழுப்பிக்கொண்டே இருக்கும். ஓசை நின்றால் மேலே வரப்போகிறது என்று அர்த்தம். அந்த 80 சதவீத உத்தரவாதத்தின் ரகசியத்தில் பாதி இந்தக் காதுகளில் இருக்கிறது. வந்துவிட்டது என்பதற்காகப் பக்கத்தில் போய்விடவும் முடியாது. 1992-ல் வந்த அரசு விதிகளின்படி திமிங்கலத்துக்கு 50 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது. 300 மீட்டருக்குள் ஒரே நேரத்தில் மூன்று படகுகளுக்கு மேல் இருக்கக் கூடாது, தலைக்கு மேல் பறக்கும் விமானமும் அந்த மூன்றில் சேர்த்தி.

தொழில் வளர்ந்தது. வருஷத்துக்கு லட்சம் பேர்வரை வந்து பார்க்கும் அளவுக்கு வளர்ந்தது. டிக்கெட் கொடுக்கும் அலுவலகம் எங்கே இருக்கிறது தெரியுமா? எந்த ரயில்வே இவர்கள் வேலையைப் பறித்ததோ, அதே ரயில் நிலையக் கட்டடத்தில்! 'ரயில்வே ஸ்டேஷன்' என்பதை 'வேல்வே ஸ்டேஷன்' என்று மாற்றிப் பலகையும் மாட்டிவிட்டார்கள்.

லாபம் தெரிந்தால் போட்டி வராமல் இருக்குமா? வேறொரு நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கலாமா என்று இயற்கைப் பாதுகாப்புத் துறை யோசித்தபோது ஙாய் டாஹு மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1840-ல் மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் கையெழுத்திட்ட வைத்தாங்கி ஒப்பந்தம் எங்கள் கடல் உரிமையைப் பாதுகாக்கிறது என்பது அவர்கள் வாதம். சுற்றுலாப் படகுக்கும் 1840 ஒப்பந்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது எதிர்வாதம். 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் சொன்னது. திமிங்கலம் காட்டும் தொழில் ஒப்பந்த காலத்தில் யாரும் நினைத்துப் பார்த்ததல்லதான். ஆனாலும் அந்த மக்களின் பாரம்பரியக் கடல் உரிமையோடு அது மிக நெருங்கியது. அதனால் அவர்களுக்கு நியாயமான அளவு முன்னுரிமை உண்டு. சும்மா கூப்பிட்டுக் கருத்துக் கேட்டால் மட்டும் போதாது. ஆனால் திமிங்கலத்தின் நலன் எல்லாவற்றுக்கும் மேலே. தடையில்லாப் போட்டிதான் எப்போதும் நல்லது என்று பொருளாதார வகுப்பில் படிப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு கொஞ்சம் நெருடலாம். ஆனால் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓட ஆரம்பித்தால்தான் அது போட்டி. 28 லட்சம் ஏக்கரை 300 பவுண்டுக்குக் கொடுத்தவர்கள் எந்தக் கோட்டிலிருந்து ஓடுவது? 1998-ல் அரசே சட்டம் இயற்றி ஙாய் டாஹுவிடம் மன்னிப்புக் கேட்டு, 17 கோடி டாலர் மதிப்புக்கு இழப்பீடும் கொடுத்தது.

2016 நவம்பர் 14, நள்ளிரவு தாண்டி இரண்டு நிமிடம். 7.8 அளவுள்ள நிலநடுக்கம். இரண்டு பேர் இறந்தார்கள். மலை சரிந்து சாலையும் ரயில் பாதையும் மூடிக்கொள்ள, ஊரில் சிக்கிய சுற்றுலாப் பயணிகளைக் கடற்படைக் கப்பலும் ஹெலிகாப்டர்களும் வந்து மீட்டன. கைக்கோராவின் கடல் தரை சுமார் ஒரு மீட்டர் மேலே எழும்பிவிட்டது. நேற்றுவரை படகு மிதந்த துறைமுகத்தில் இன்றைக்குத் தண்ணீர் போதவில்லை! அலையேற்றம் உள்ள சில மணி நேரம் மட்டும் படகை எடுத்து ஓட்டினார்கள். துறைமுகத்தைத் தோண்டி ஆழப்படுத்தி மறுபடி திறந்தது சரியாக ஒரு வருஷம் கழித்து, 2017 நவம்பர் 14 அன்று. நெடுஞ்சாலை திறக்க மேலும் ஒரு மாதம் ஆனது. நிமிர்ந்து நின்று மூச்சு விடுவதற்குள் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாட்டின் எல்லையே மூடப்பட்டது. நிறுவனம் இரண்டையும் தாண்டி வந்தது.

நிலநடுக்கம் படகுத்துறையோடு நிற்கவில்லை. கடலடிப் பள்ளத்தாக்கில் இருந்த சேற்றையெல்லாம் புரட்டி, அங்கே வாழ்ந்த சின்ன உயிர்களோடு ஆழ்கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கடுத்த ஒரு வருஷம் திமிங்கலங்கள் வழக்கத்தைவிடச் சுமார் கால்வாசி அதிக நேரம் நீர்ப்பரப்பில் இருந்ததாக ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். இரை தேடுவதில் கூடுதலாகக் களைத்திருக்க வேண்டும் என்பது ஊகம். பிறகு பழைய நிலைக்குத் திரும்பின. ஆனால் 1990-களிலிருந்து சேர்த்து வைத்த கணக்கு இன்னொன்றைச் சொல்கிறது. நிலநடுக்கத்துக்கு வெகு முன்பிருந்தே கைக்கோராவுக்கு வரும் எண்ணெய்த் திமிங்கலங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிறது. கடல் நீர் சூடாவது காரணமாக இருக்கலாம் என்று பார்த்து வருகிறார்கள். குறைவு நன்றாகத் தெரிவது கோடையில். டிக்கெட் கவுன்டரில் கூட்டம் நிற்பதும் அதே கோடையில்தான்.