காய்ச்சல் இல்லாத நோய்

லாரியில் பிரயாணம் செய்வது எழுதுகிறவனுக்கு மிகவும் நல்லது என்று என் நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்லுவார். அவர் சொந்தமாக லாரி வைத்திருக்கிறவர். தாம் அதில் ஏறுவதில்லை. திருச்சியிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது என் வீட்டுச் சாமான்களையும் என்னையும் சேர்த்து அவருடைய லாரியில் ஏற்றி அனுப்பிவைத்தார். சாமான்களுக்கு வைக்கோல் சுற்றியிருந்தார்கள். எனக்கு ஒன்றும் சுற்றவில்லை.

உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டி ஒரு டீக்கடை வாசலில் வண்டி நின்றது. இரவு இரண்டு மணி இருக்கும். டிரைவர் இறங்கியதும் டீ சொல்லுவார் என்று பார்த்தால், அவர் முன்சக்கரத்துக்கு உட்புறம் குனிந்து, எதையோ புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு மறு பக்கம் போய் அங்கேயும் தொட்டுப் பார்த்தார். தூங்குகிற குழந்தைக்குச் சுரம் இருக்கிறதா என்று தாய் பார்ப்பாள் அல்லவா, அந்த மாதிரி.

"என்ன அண்ணே பார்க்கறீங்க?" என்றேன்.

"காய்ச்சல் இருக்கான்னு பார்க்கிறேன் ஸார்."

"இருக்கா?"

"இடது பக்கம் இருக்கு. வலது பக்கம் இல்லை. அதுதான் கவலை. போன மாசம் மாட்டினது ஸார், பெயிண்ட் வாசனைகூடப் போகலை."

அவர் தொட்டது ஷாக் அப்சார்பரை. காய்ச்சல் இருந்தால் ஆரோக்கியம், இல்லாவிட்டால் சாவு என்கிற இந்த விசித்திர வைத்தியம் என்னைப் பிடித்துக்கொண்டது. சென்னை வந்து சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே அந்தக் குழாயின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் ஏச்சு வாங்கியது தனிக் கதை.

அதிர்ச்சி தாங்கி என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரே தப்பு. இங்கிலீஷிலும் அதே தப்புதான். பள்ளத்தில் விழுகிற அதிர்ச்சியைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டை. பாரத்தைச் சுமப்பதும் அதுதான். ஆனால் ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு தடவை அமுங்கினால் பல தடவை எழும்பி எழும்பி ஆடும். ஊஞ்சலை உந்திவிட்டு இறங்கிப் போய்விட்டாலும் அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறதே, அது போல. அந்த ஊஞ்சலில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் தேய்த்து ஆட்டத்தை அடக்குகிற பாட்டிதான் ஷாக் அப்சார்பர். பாட்டி பாரம் சுமப்பதில்லை. ஆட்டத்தைச் சூடாக மாற்றி விடுகிறாள், அவ்வளவுதான். அந்தச் சூட்டைத்தான் டிரைவரின் புறங்கை தேடிற்று.

மோட்டார் வண்டி பிறந்தபோது இந்தப் பாட்டி இல்லை. குதிரை வண்டிக்கு இருந்த பட்டைகளே போதும் என்று இருந்தார்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய பட்டைகள் தமக்குள் உராய்வதால் ஆட்டம் ஓரளவு தானே அடங்கும். குதிரையின் வேகத்துக்கு அது போதும். மோட்டாரின் வேகத்துக்குப் போதவில்லை. ட்ரூஃபோ என்ற பிரெஞ்சுக்காரர் பந்தய சைக்கிளுக்காக ஒரு சாதனம் செய்தார். கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கைகள். அவை சேருமிடத்தில் ஒன்றோடொன்று தேயும் தட்டுகள். அதைக் கண்டு மயங்கிய அமெரிக்கர் எட்வர்ட் ஹார்ட்ஃபோர்டு, 1904 வாக்கில் மோட்டாரில் பூட்டினார். பிறகு நியூஜெர்ஸியில் அதற்கென்றே ஒரு கம்பெனியும் தொடங்கினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மோட்டார் செய்கிறவன் ஒருவன், அவன் மறந்ததை வெளியிலிருந்து விற்கிறவன் இன்னொருவன். ஷாக் அப்சார்பர் பிறந்ததே உதிரி பாகக் கடையில்தான். ஃபோர்டு டி மாடல் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்றது. அதில் ஒன்றிலும் தொழிற்சாலை ஷாக் அப்சார்பர் வைக்கவில்லை. விடுவார்களா வியாபாரிகள்? ஆளுக்கு ஒன்று செய்து விற்றார்கள். அவற்றில் பெயர் பெற்ற ஒன்று ஹாஸ்லர் என்ற இண்டியானாபோலிஸ்காரருடையது. ஷாக் அப்சார்பர் என்றே விளம்பரம். பிரித்துப் பார்த்தால் அது கூடுதலாக மாட்டும் சுருள் ஸ்பிரிங்! ஆடுகிற ஊஞ்சலுக்கு இன்னொரு ஊஞ்சல். வண்டி மெத்தென்று போயிற்று என்பது வாஸ்தவம். வாங்கினவர்கள் சந்தோஷமாகவும் இருந்தார்கள். மெத்தென்று போவது வேறு, ஆட்டம் அடங்குவது வேறு என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றும் லாரி நொடித்துவிட்டது, ஷாக் அப்சார்பர் மாற்று என்று சொல்லும் முதலாளிகள் இருக்கிறார்கள். நொடித்தது பட்டையாக இருக்கும்.

கிளீவ்லண்டில் கிளாட் ஃபாஸ்டர் என்று ஒரு மனிதர். புகைபோக்கியில் வெளிவரும் காற்றைக் கொண்டே ஊதுகிற ஒரு ஹாரன் செய்து, எக்காளம் ஊதும் தேவதூதன் பெயரால் காப்ரியேல் என்று அழைத்தார். அடுத்தபடி அவர் செய்தது ஸ்னப்பர். ஸ்பிரிங் மேல் சுற்றிய ஒரு துணிப் பட்டை. ஒரு முனை சட்டத்தில், மறு முனை அச்சில். சக்கரம் மேலே வரும்போது பட்டை தொய்ந்து சுருண்டுகொள்ளும். கீழே துள்ளும்போது இறுக்கிப் பிடிக்கும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்ட கணக்குத்தான். அந்தக் காப்ரியேல் பெயர் பிற்பாடு நம் தேசத்துக்கும் வந்தது. 1961-ல் பம்பாயில் அதே பெயரில் ஷாக் அப்சார்பர் கம்பெனி தொடங்கிற்று.

தேயும் தட்டுகளுக்கும் துணிப் பட்டைக்கும் ஒரு குறை: மழையில் நனைந்தால் ஒரு மாதிரி, காய்ந்தால் ஒரு மாதிரி. அதோடு சின்னக் கல்லில் முரண்டு பிடிக்கும், பெரிய பள்ளத்தில் கைவிட்டுவிடும். எண்ணெய் அப்படி இல்லை. சின்னத் துவாரத்தின் வழியே அதை மெல்லத் தள்ளினால் வழிவிடும், வேகமாகத் தள்ளினால் எதிர்க்கும். மோரீஸ் ஹூடாய் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கையாண்டார். ஃபோர்டு 1927 டிசம்பரில் வெளியிட்ட ஏ மாடலில் நான்கு சக்கரத்துக்கும் ஹூடாய் சாதனமே வந்தது. அதில் ஊற்றியது கிளிசரின். மூடியைத் திறந்து அவ்வப்போது நிரப்ப வேண்டும். குளிருக்கும் வெயிலுக்கும் தக்கபடி ஓர் ஊசி வால்வைத் திருக வேண்டும். ஹார்ட்ஃபோர்டு தட்டுகளையும் நட்டைத் திருகி இறுக்கலாம். அதாவது, அந்தக் காலத்துச் சொந்தக்காரன் கையில் ஒரு ஸ்பானர் இருந்தது. சாதனம் தளர்ந்தால் அவனுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். இன்று பழைய ஃபோர்டுகளைப் புதுப்பிக்கிறவர்கள் அவற்றை வறண்டு இறுகிய நிலையிலேயே பெரும்பாலும் காண்கிறார்கள்.

பிறகு குழாய் வந்தது. மிச்சிகன் மாகாணத்தில் மன்ரோ என்ற ஊரில் 1916-ல் டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் செய்து விற்ற ஒரு கம்பெனி, 1920-களில் ஷாக் அப்சார்பருக்கு மாறி உலகப் பிரசித்தி பெற்றது. இதில் எனக்கு ஒரு பொருத்தம் தெரிகிறது. இன்றைய ஷாக் அப்சார்பர் ஒரு பம்ப் தவிர வேறில்லை. குழாய்க்குள் பிஸ்டன், பிஸ்டனில் வால்வு, சுற்றிலும் எண்ணெய். எண்ணெயை எங்கும் இறைக்காமல் தனக்குள்ளேயே இப்படியும் அப்படியுமாக இறைத்துக்கொண்டிருக்கிற பம்ப். முழுவதும் மூடி முத்திரை வைத்த குழாய். தூசி புகாது, தண்ணீர் புகாது, ஊற்ற வேண்டாம், திருக வேண்டாம். பெரிய சௌகரியம். ஆனால் ஸ்பானர் நம் கையிலிருந்து போய்விட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்பது குழாய்க்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

ஹாலந்தில் 1857-ல் குதிரைச் சேணம் தைக்கத் தொடங்கிய டி கோனிங் என்ற குடும்பத்தார் மட்டும் சற்று மாறி நடந்தார்கள். 1932-ல் ஷாக் அப்சார்பருக்கு வந்த அவர்கள், கோனி என்ற பெயரில் செய்த குழாய்கள் பலவற்றில் தண்டை முழுக்க அமுக்கித் திருகினால் தேய்மானத்துக்கு ஈடுகட்டலாம். சேணம் தைத்தவனுக்கு வார் தளரும், துளை மாற்றிக் கட்ட வேண்டும் என்பது ரத்தத்திலேயே ஊறியிருந்ததோ என்னவோ!

லாரிக்கு இந்தக் குழாய் தாமதமாகத்தான் அவசியமாயிற்று. ஆரம்பத்தில் கட்டி ரப்பர் சக்கரத்தில் ஊர்ந்தது லாரி. 1917-ல் குட்இயர் கம்பெனி காற்று டயர் மாட்டிய லாரியை ஓஹியோவின் அக்ரனிலிருந்து பாஸ்டனுக்கு ஓட்டிக் காட்டியது. வேகம் வந்தது; வேகத்தோடு துள்ளலும் வந்தது. அப்போதும் பின்பக்கம் தடித்த பட்டைக் கட்டுகளின் உராய்வே போதும் என்று விட்டுவிட்டார்கள். பின்னச்சில் ஷாக் அப்சார்பரே இல்லாத லாரிகள் நம்மிடம் இன்னும் ஓடுகின்றன. காற்றுப் பை மேல் மிதக்கும் புது மாதிரி லாரிகளில் அந்தச் சலுகை கிடையாது. பையில் உராய்வு ஏது? குழாய் செத்தால் அங்கே ஆட்டத்தை அடக்க யாருமில்லை. போதாததற்குப் பை அளவுக்கு மீறி நீண்டு கிழியாமல் இழுத்துப் பிடிப்பதும் பெரும்பாலும் அதே குழாய்தான்.

ஐரோப்பாவில் 1992-ல் ஒரு சட்டம் செய்தார்கள். காற்றுப் பை, அல்லது அதற்கு நிகரான அமைப்பு உள்ள லாரி சாலையைக் குறைவாகக் கெடுக்கும். ஆகையால் அதற்குக் கூடுதல் பாரம் அனுமதிக்கலாம். நிகர் என்றால் என்ன? ஆட்டம் விநாடிக்கு இரண்டு தடவைக்கு மேல் இருக்கக் கூடாது. ஆட்டத்தை அடியோடு நிறுத்தத் தேவையான அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அடக்கும் சக்தி வேண்டும். அதில் பாதியாவது ஷாக் அப்சார்பரிலிருந்து வர வேண்டும். அழகான கணக்கு. ஆனால் புது வண்டியில் போட்ட கணக்கு. 1998-ல் பல தேசங்கள் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி ஒன்றின் அறிக்கை வந்தது: குழாய் தேய்ந்துவிட்டால் அந்தக் காற்றுப் பை லாரி சாலைக்குச் செய்கிற உபகாரம் போய்விடும் என்று. உளுந்தூர்ப்பேட்டை டிரைவரைக் கேட்டிருந்தால் செலவில்லாமல் சொல்லியிருப்பார்.

அவரிடம் அன்று நான் கேட்டது வேறு கேள்வி. "ஸ்டியரிங் பிடிக்கிற உங்களுக்கே தெரியலையா?"

"ஒரே நாளில் போயிருந்தால் தெரியும் ஸார். தினம் கொஞ்சம் கொஞ்சமாப் போனா கை பழகிடும். பிரேக் போடற அன்னிக்குத்தான் தெரியும். பிரேக் பிடிக்கணும்னா சக்கரம் தரையில் இருக்கணுமில்லே?"

காருக்கு ஒரு சோதனை உண்டு. மூக்கைப் பிடித்து அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணுவது. லாரியை அமுக்குவதற்குப் பீமனைத்தான் அழைத்து வர வேண்டும். ஆகவே புறங்கை, ஓடி நின்றவுடன், பக்கத்து இரும்பைவிடச் சூடாக இருக்கிறதா என்று, சுட்டுக்கொள்ளாமல். அப்புறம் டயர். மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். குழாய்மேல் லேசாக எண்ணெய் பூத்திருந்தால் பயமில்லை, வழிந்தால் முடிந்தது. புதிதாக மாட்டும்போது ஜோடியாகத்தான் மாட்ட வேண்டும். கடையில் படுக்கவைத்திருந்ததை நிமிர்த்தி நாலைந்து தடவை இழுத்து அமுக்கி, காற்றை வெளியேற்றிவிட்டு மாட்ட வேண்டும். பளபளக்கும் தண்டைக் குறடால் பிடிக்கவே கூடாது. பிடித்த தழும்பு ஆயில் சீலை அறுத்துவிடும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். இவ்வளவையும் அவர் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்தார். அப்புறம் சென்னை வரை நாற்பதுக்கு மேல் போகவில்லை. என் பீரோவும் நானும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

என் நண்பருக்குப் போன் செய்தேன். "வண்டி ஓடிற்றா இல்லையா?" என்று கேட்டார். "ஓடிற்று" என்றேன். "பின்னே என்ன?" என்றார். நானும் விடவில்லை. இனிமேல் நீங்களும் அந்த லாரியில்தான் வரவேண்டும் என்று அவருடைய மனைவியிடம் சொல்லிவைத்தேன். அடுத்த வாரம் முன்பக்கம் இரண்டும் மாற்றியாயிற்று.

செத்துப்போன வலது பக்கத்துக் குழாயை டிரைவர் வீசிவிடவில்லை. வாயு அடைத்த குழாயை அறுப்பது ஆபத்து. இது எண்ணெய் மட்டும் உள்ள பழைய மாதிரி. வைஸில் மாட்டி ரம்பத்தால் அறுத்துப் பார்த்திருக்கிறார். பெயிண்டுக்கு அடியில் அரிசி அளவு ஒரு வெல்டிங் பொட்டு. யாரோ பழசைத் துளைத்து, ஊற்றி, அடைத்து, கறுப்பு அடித்துப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள். உள்ளே இருந்ததும் அதற்குரிய எண்ணெய் இல்லை, இன்ஜினிலிருந்து வடித்த கரி எண்ணெய், அதுவும் கால் பங்கு. பில் இல்லாமல் மலிவாக வாங்கியது நண்பர்தான் என்று பிற்பாடு தெரிந்தது. நான் அவரிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

சென்ற மாதம் அந்த லாரியைக் கோயம்பேட்டில் பார்த்தேன். அறுத்த குழாயின் அடிப்பாதியைத் தேய்த்து மெருகிட்டு, முன்கண்ணாடிக்குக் கீழே முருகன் படத்துக்கு எதிரில் நிறுத்தியிருந்தார். அதில் மணலை நிரப்பி ஊதுபத்தி நட்டிருந்தது.

"இப்பத்தான் ஸார் அது சூடா இருக்கு" என்றார்.