கார்பன் நானோ குழாய்களைச் சேதமின்றிப் பிரிக்கும் பாலிமர்கள்

ஜப்பான் விஞ்ஞானி சுமியோ ஈஜிமா 1991-ல் விவரித்த கார்பன் நானோ குழாய்கள், மின்னணுவியலில் பெரும் எதிர்பார்ப்பை ஏற்படுத்தின. எனினும், வான்டெர்வால்ஸ் விசையால் இவை கற்றைகளாக ஒட்டிக்கொள்வதால், கரைப்பான்களில் எளிதில் பரவுவதில்லை. வலிமையான அமிலங்களைக் கொண்டு பிரித்தால், குழாயின் சுவர் சேதமடைந்து மின்கடத்துத்திறன் குறைகிறது.

இதற்குத் தீர்வாக அமைபவை இணைவுப் பாலிமர்கள். ஒற்றை, இரட்டைப் பிணைப்புகள் மாறி மாறி அமைந்த இவற்றின் சங்கிலி, வேதிப் பிணைப்பு ஏதுமின்றிக் குழாயைச் சுற்றிக்கொண்டு, அதைக் கரைசலில் தனியே பிரித்து வைக்கிறது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இச்சங்கிலியில் அசைடு போன்ற வினைபுரியும் தொகுதிகளைச் சேர்த்தனர். 2022-ல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ‘கிளிக்’ வேதியியல் முறையில், இத்தொகுதிகளுடன் வேண்டிய மூலக்கூறுகளை இணைக்கலாம். வேதிமாற்றம் பாலிமரில் மட்டுமே நிகழ்வதால், குழாயின் மின்பண்புகள் காக்கப்படுகின்றன.