தகடுகளுக்கு நடுவே ஒரு வரலாறு: அந்தமான் படாக்கிலிருந்து மதராஸ் ஹெரால்டு வரை

பழைய காரின் கதவுக்கும் அதை அடுத்த உடற்தகட்டுக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. மேலிருந்து கீழ்வரை அது ஒரே அகலத்தில் இருந்தால் கார் நன்றாகப் புதுப்பிக்கப்பட்டுள்ளது என்கிறோம். ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் குறுகியும் இருந்தால் வேலை சரியில்லை என்கிறோம். இந்தக் கோட்டை ஒரு வரலாற்று ஆவணமாக வாசிக்க முடியும் என்பதே இப்பதிவின் வாதம். அவ்வாறு வாசிக்காமல் நிரவிவிட்டால் எதை இழக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

வண்டியுடல் மரத்தால் ஆன காலத்திலிருந்து தொடங்கலாம். அந்தமானின் சாத்தம் தீவில் மரம் அறுக்கும் ஆலை 1883-இல் அமைந்தது. அங்கு அறுபட்ட மரங்களுள் பெயர்பெற்றது அந்தமான் படாக். தமிழ் இலக்கியத்தில் நாம் அறிந்த வேங்கையும், ஆந்திர மலைகளின் செஞ்சந்தனமும் தாவரவியலில் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. செந்நிறமும் உறுதியும் கொண்ட படாக் கடல் கடந்து சென்றது. அமெரிக்காவின் புல்மன் ரயில் பெட்டிகளின் உள்வேலைப்பாட்டுக்கும் பயன்பட்டது. காய்ந்தபின் அதிகம் சுருங்காமலும் முறுக்கிக்கொள்ளாமலும் நிற்கும் மரம்தான் வண்டி கட்டுபவர்களுக்குத் தேவைப்பட்டது. ஒரு கதவு மழைக்காலத்தில் இறுகாமலும் கோடையில் ஆடாமலும் இருக்க வேண்டுமானால், அதைச் சுற்றியுள்ள இடைவெளி பருவத்துக்கேற்ப மாறக் கூடாது. இடைவெளி என்பது அன்று மரத்தின் குணத்தையும் தச்சரின் இழைப்புளியையும் பொறுத்தது.

மோட்டார் வண்டி வந்தபோது அதன் உடலைச் செய்தவர்களும் குதிரை வண்டி கட்டியவர்களே. சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் இதற்கு நல்ல சான்று. குதிரை வண்டிகளால் பெயர்பெற்ற அந்நிறுவனத்தில்தான் சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கிச் சென்னைத் தெருக்களில் ஓட்டினார். மரச்சட்டம் கட்டி அதன்மேல் தகட்டை அறையும் முறை அதன்பின் பல பத்தாண்டுகள் நீடித்தது. கதவு பொருந்தவில்லையெனில் தகட்டைத் தொட வேண்டியதில்லை. சட்டத்தை இழைத்தால் போதும்.

அச்சில் அழுத்திய எஃகுத் தகடு இந்த நிலையை மாற்றியது. தகடுகளைப் பற்றவைத்துச் சேசிஸே தேவைப்படாத ஒற்றை உடலாகக் கார் மாறியபோது, இடைவெளியைத் தீர்மானிக்கும் அதிகாரம் கைவினைஞரிடமிருந்து அச்சுக்கும், தகடுகளைப் பிடித்து நிறுத்தும் தாங்கிக்கும் கைமாறியது. அந்த அச்சுகள் மிகுந்த விலையுடையவை. அவற்றை வைத்திருந்த நிறுவனங்களின் கையில் கார் உற்பத்தியாளர்களின் தலைவிதியும் இருந்தது.

1953-இல் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்துக்கு உடல் செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்னும் நிறுவனத்தை, போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிக்கொண்டது. அடுத்த சிறிய காருக்கு ஒற்றை உடலைச் செய்துதர ஆளில்லாத நிலையில் ஸ்டாண்டர்டு பழைய வழிக்குத் திரும்பியது: தனிச் சேசிஸ், அதன்மேல் பகுதி பகுதியாகப் போல்ட்டு போட்டு முடுக்கும் உடல். வெவ்வேறு இடங்களில் செய்யப்பட்ட பகுதிகள் ஒன்றுசேர்க்கப்பட்டன. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி அதற்கு வடிவம் தந்தார். 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது. கூரையும் தனி, பின்தொட்டியும் தனி, சக்கர வளைவுகளோடு முன்னோக்கிக் கவிழும் போனட்டும் தனி. தொடக்கக் கால ஹெரால்டுகளில் மழைநீர் கசிவதாகவும் தகடுகள் சலசலப்பதாகவும் எழுந்த குறைகள் இந்தப் பிரிவினையின் விலை.

அதே பிரிவினைதான் அந்தக் காரைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-இல் தொடங்கப்பட்டது. வண்டலூரில் அதன் ஆலை இயங்கியது. வெறும் உதிரிகளை இறக்கிப் பூட்டுவதோடு நிற்கும் நிறுவனங்களுக்கு இடமில்லை, உள்நாட்டு உற்பத்தியைப் படிப்படியாகக் கூட்டுபவர்களுக்கே அனுமதி என்று இந்திய அரசு முடிவெடுத்ததால், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களின் நடுப்பகுதியில் இங்கிருந்து விலகின. எஞ்சியவற்றுள் ஒன்று ஸ்டாண்டர்டு. பெரிய அச்சுகள் இன்றியும் கூட்டக்கூடிய கார் அதற்குப் பொருத்தமாக இருந்தது. 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு விற்ற அந்தக் காருக்கு, 1960களின் பிற்பகுதியில் சென்னையில் நான்கு கதவுகள் வைக்கப்பட்டன. பின்னிருக்கையில் குடும்பம் ஏறி இறங்கும் நாட்டில் அது இயல்பான தேவை. ஆனால் ஒவ்வொரு புதிய கதவும் மூன்று நான்கு புதிய கோடுகளைக் கொண்டுவருகிறது. இன்று ஒரு நான்கு கதவு ஹெரால்டின் பக்கவாட்டில் நாம் காணும் கோடுகளில் பாதி, கவென்ட்ரியில் யாரும் வரையாதவை.

இத்தகைய காரைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது தகடுகளை எவ்வாறு பொருத்துகிறார்கள்? ஒரு கதவு பொருந்தவில்லை என்றால் கதவில் குறை தேடுவது எளிது. ஹெரால்டில் குறை பெரும்பாலும் இரண்டு படி கீழே இருக்கிறது. முதலில் சேசிஸ் நேராக உள்ளதா, அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருப்பிடித்துத் தாழ்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். பிறகு எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள முன்பகுதி, அடுத்துப் பின்தொட்டி, பின்னர் கதவுகள், இறுதியில் போனட் என்பதே வரிசை. கார் தன் சக்கரங்களின் மீது, தன் எடையோடு நிற்க வேண்டும். தாங்கிகளில் தூக்கி வைத்துச் சரிசெய்த இடைவெளி கீழே இறக்கியதும் மாறிவிடும். வண்ணம் பூசுவதற்கு முன்பே முழுவதையும் ஒருமுறை பூட்டிப் பார்க்க வேண்டும்.

முன்பகுதியின் முன் தாங்குமிடத்தில் ஒரு தகட்டுத் துண்டைக் கூடுதலாகச் செருகினால் என்ன ஆகும்? அப்பகுதி சற்றே பின்னோக்கிச் சாயும். கதவு அதில்தான் தொங்குகிறது என்பதால் கதவின் பின்முனை கீழிறங்கும். பின் விளிம்பின் மேற்புறத்தில் இடைவெளி குறுகும், கீழ்ப்புறத்தில் அகலும். கீலை மட்டும் நகர்த்தி இதை மறைக்கலாம். மறைத்தால் அதே பிழை போனட்டில் போய் நிற்கும்.

மொழியியல் படித்தவர்களுக்கு இதில் ஒரு பழகிய ஒழுங்கு தெரியும். நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது மாற்றமின்றிப் பொருந்தினால் இயல்பு புணர்ச்சி, பொன்மலை போல. மாற்றம் நேர்ந்தால் அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகை என்கிறது நன்னூல். வாழைப்பழத்தில் ஒற்று தோன்றுகிறது, பொற்குடத்தில் னகரம் திரிகிறது, மரவேரில் மகரம் கெடுகிறது. தகடு பொருத்துபவரிடம் உள்ள வழிகளும் இவையே: நடுவே வாஷரோ தகட்டுத் துண்டோ வைக்கலாம், விளிம்பை வளைக்கலாம், அரத்தால் ராவிக் குறைக்கலாம். எந்தக் கதவும் எந்தக் காரிலும் அப்படியே சேர வேண்டும் என்பது பெருந்தொழிற்சாலையின் கனவு. அது இயல்பு புணர்ச்சியையே விதியாக்கப் பார்க்கிறது. ஹெரால்டு விகாரங்களால் வாழும் கார். ஒரு புணர்ச்சியில் எந்த விகாரம் நேர்ந்தது என்பதை வைத்து அச்சொல்லின் வரலாற்றை அணுகுவது போல, ஒரு காரில் எத்தனை வாஷர்கள் எங்கே உள்ளன என்பதை வைத்து அது கூட்டப்பட்ட விதத்தையும் பின்னர் பட்ட அடிகளையும் அணுக முடியும்.

பணிமனையின் சொற்களும் இதற்குத் துணை நிற்கின்றன. கார் உடலைச் சரிசெய்பவரை நாம் டிங்கர் என்கிறோம். பெயர்ப்பலகையில் ‘டிங்கரிங், பெயின்டிங்’ என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் டிங்கர் ஊர் ஊராகப் போய்ப் பாத்திரம் ஒட்டித் தந்தவர். காருக்கான தொழிற்பெயராக அது நிலைபெற்றது நம் பகுதியில். அடிபட்ட தகட்டில் விழும் பள்ளத்துக்குத் தமிழில் வழங்கும் ஒடுக்கும் சொட்டையும் பாத்திரத்துக்கு வழங்கிய சொற்களே. பட்டி வருவதற்கு முன் தகட்டின் பள்ளங்களை ஈயக் கலவையால் நிரப்பினார்கள். நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய கைத்திறனுக்கு அது தொலைவில் இல்லை. பின்பெட்டியைக் குறிக்கும் டிக்கி, பழைய வண்டிகளின் பின்னே திறந்து மடக்கிய இருக்கையின் பெயர். ஆக, சொற்களில் குதிரை வண்டியும் பாத்திரக்கடையும் இன்னும் இருக்கின்றன. ஆலையின் சொற்கள் குறைவு. இந்தத் தொழிலறிவு ஆலைக் கையேடுகளின் வழியாக மட்டும் வந்ததில்லை என்பதற்கு இது ஒரு குறிப்பு.

மீண்டும் அந்தமானுக்கு வருகிறேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையும் எப்போதும் உப்புக் காற்றும் உள்ள தீவுகளில், இடைவெளிக்கு அழகைக் காட்டிலும் பெரிய வேலை உண்டு. தண்ணீர் உள்ளே போகும் வழியும் அதுவே, வெளியேறும் வழியும் அதுவே. தகட்டின் மடிப்பில் ஈரம் தங்கினால் துரு உள்ளிருந்து கிளம்பும். வெளியே வண்ணம் கொப்புளித்துத் தெரியும்போது உள்விளிம்பு போயிருக்கும். கண்காட்சிக்காகப் பட்டி வைத்து இடைவெளியை மிகக் குறுக்கிய கார், கடலோரத்தில் தன் வடிகாலைத் தானே அடைத்துக்கொள்கிறது. கதவுகள் உரசி வண்ணம் பெயர்ந்த இடத்தில் உப்பு வேலையைத் தொடங்குகிறது. மரவண்டிக்காரர் படாக்கைத் தேடியதும், எஃகுத் தகட்டுக்கு இடம்விட்டு வைப்பதும் ஒரே வானிலைக்குச் சொன்ன இரண்டு விடைகள்.

இது பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சாக முடிந்துவிடக் கூடாது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களை ‘விண்டேஜ்’ எனப் பதிவுசெய்ய வழிசெய்தது. வாகனம் அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும், சேசிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1960களின் ஹெரால்டுகள் அனைத்தும் இன்று அந்த வயதைக் கடந்துவிட்டன. அப்படியானால் அவற்றின் அசல் வடிவம் எது? மிக்கெலோட்டியின் வரைபடமா? வண்டலூரில் வாஷர் வைத்து முடுக்கி வெளியே அனுப்பிய உடலா? 1980களில் ஒரு டிங்கர் தட்டி நிமிர்த்திய கதவா? விதி அசலை ஒருமையில் கேட்கிறது. காரில் இருப்பதோ அடுக்கடுக்கான அசல்கள்.

சுவடிப் பதிப்பில் நாம் கடந்துவந்த கேள்வி இது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த காலம் முதல், பாடங்களை ஒப்பிடுவதும் பாடபேதங்களைக் குறிப்பதும் தமிழ்ப் பதிப்பின் அறமாக வளர்ந்துள்ளன. தனக்குச் செம்மையாகப் படுவதை மூலம் என்று அச்சிடுபவரைப் பதிப்பாசிரியர் என்று நாம் சொல்வதில்லை. கட்டடங்களைப் பேணுவது குறித்த 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நிற்க வேண்டும் என்கிறது. வரலாற்று வாகனங்களுக்கான டூரின் சாசனம் அதே மரபில் வந்தது.

ஆனாலும் புதுப்பிக்கப்படும் பல ஹெரால்டுகள் இன்றைய கார்களின் அளவுகோலால் திருத்தப்படுகின்றன. 4 மில்லிமீட்டரில் சீராக ஓடும் கோடு அழகாகத்தான் இருக்கிறது. அது 1968-இன் கோடு அன்று. அதைப் பார்க்கும் மாணவர், அச்சுப் பற்றாக்குறையும் இறக்குமதிக் கட்டுப்பாடும் இருந்த காலத்தில் சென்னைத் தொழிலாளர்கள் ஜப்பானியத் துல்லியத்தோடு கார் செய்தார்கள் என்று எண்ணுவார். குறைந்த கருவிகளைக் கொண்டு, ஒவ்வொரு காரையும் கைப்பட இசைத்து வெளியே அனுப்பியதுதான் அவர்களுடைய திறமை. சீரான கோடு அவர்களைப் புகழ்வது போல அவர்களை அழிக்கிறது.

கோணலான கதவோடுதான் கார் ஓட வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. கதவு மூட வேண்டும், மழை உள்ளே வரக் கூடாது. கேட்கக்கூடியது இவ்வளவே. பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு இடைவெளியையும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து எழுதுங்கள். எடுத்த வாஷர்களையும் தகட்டுத் துண்டுகளையும் இடம் குறித்துப் பையில் இடுங்கள். பழைய பட்டியைச் சுரண்டும்போது அடியில் ஈயம் உள்ளதா என்று பாருங்கள். எதை ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் காரோடு வையுங்கள். பொருளியல் வரலாறு, தொழிலாளர் வரலாறு, தொழிற்சொல் அகராதி ஆகியவற்றில் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வண்டலூர் ஆலை 1980களின் இறுதியில் மூடப்பட்டது, அங்கே இளைஞராகச் சேர்ந்தவர்களுக்கு இப்போது முதுமை. எந்தப் பகுதியை முதலில் பூட்டினார்கள், பொருந்தாத கதவை என்ன செய்தார்கள், அதற்கு என்ன பெயர் சொன்னார்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.