பெக்காரி கண்ட உப்பங்கழிச் செடி

செடி கொடிகளை இனம் பிரித்து அறியும் முயற்சி தமிழர்க்குப் புதியதன்று. அகத்தே வயிரமுடையதை மரமென்றும், புறத்தே வயிரமுடையதைப் புல்லென்றும் மரபியலில் வகுத்தார் தொல்காப்பியர். கண்ணாற் கண்ட அடையாளத்தைக் கொண்டு பெயரிடும் அம்முறையே இன்றைய தாவர நூலுக்கும் அடிப்படையாகும். அவ்வடையாளத்தைத் தவறவிட்டால் என்ன நேரும் என்பதை உப்பங்கழிகளில் வளரும் ஒரு சிறு செடியின் வரலாறு உணர்த்துகிறது.

இத்தாலிய நாட்டு அறிஞர் ஒடோவார்டோ பெக்காரி 1865இல் சரவாக் வந்தடைந்தார். 1867இல் பிந்துலு ஆறு கடலோடு கலக்குமிடத்தில், விரல் நகத்தளவே இலையுடைய செடியொன்றைச் சேகரித்தார். பெர்லின் நகர அறிஞர் பால் அஷர்சன் அதனை ஆராய்ந்து, புதிய இனமெனக் கண்டு, 1871இல் 'ஹாலோபிலா பெக்காரி' எனப் பெயர் சூட்டினார். ஹாலோபிலா என்னும் கிரேக்கச் சொல்லுக்கு உப்பை விரும்புவது என்பது பொருள். பின்னர் 1878இல் சுமாத்திராக் காட்டில் மாபெரும் பிணமலரைக் கண்டு உலகப் புகழ் பெற்றவரும் இவரே.

இச்செடியைப் பாசியென எண்ணுவோர் பலர். பாசிக்கு வேருமில்லை, பூவுமில்லை, விதையுமில்லை. இதற்கோ மூன்றும் உண்டு. கடற்புல் என வழங்கினும், நெல், மூங்கில் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததும் அன்று. இதன் இனத்ததாகிய 'ஹாலோபிலா ஓவாலிஸ்' என்பதில் கணுவுக்கு இரண்டாக நீள்வட்ட இலைகள் தோன்றும். அவற்றில் குறுக்கு நரம்புகள் தெளிவாகத் தெரியும். பெக்காரியின் செடியிலோ, குறுந்தண்டின் உச்சியில் ஆறு முதல் பத்து வரை ஒடுங்கிய இலைகள் கொத்தாக நிற்கும். குறுக்கு நரம்பு இராது. சில இடங்களில் மழைக்காலத்தில் மறைந்து, சேற்றிற் கிடந்த விதையிலிருந்து மீண்டும் முளைப்பதும் உண்டு. ஆகவே, ஒரு முறை மட்டும் சென்று பார்த்து, இங்கு இல்லை எனத் தீர்ப்பளித்தல் தகாது.

மலேசியக் கரைகளில் மட்டுமன்றி, தமிழ்நாட்டுக் கரையிலும் ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் இச்செடி உண்டு. சிலிகாவில் வண்டல் படிந்து முகத்துவாரம் தூர்ந்தபோது, உப்புக் குறைந்து நன்னீர்க் களைகள் பெருகின. 1993இல் அவ்வேரி, சீர்கேடு நேர்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டதும் உப்பு மீண்டது, களை குறைந்தது, கடற்புற்கள் பரவின. 2002இல் ஏரி அப்பட்டியலினின்று நீக்கப்பட்டது. நீரடியில் பச்சை தெரிகிறது என்று மட்டும் எழுதி வைத்திருந்தால், ஏரி நோயுற்ற காலத்துக்கும் நலம் பெற்ற காலத்துக்கும் வேறுபாடே தெரிந்திராது. எந்தப் பச்சை என்று அறிந்தமையாலன்றோ உண்மை விளங்கிற்று!

உலகக் கடற்புல் இனங்கள் எழுபத்திரண்டை அறிஞர் ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவின்படி, பத்து இனங்கள் அழியும் அபாயத்தில் உள்ளன. பெக்காரியின் செடி அவற்றுள் ஒன்று. அது வாழும் சேற்று நிலங்களே கரையோரங்களில் முதலில் தூர்க்கப்படுகின்றன. பெயர் அறியாத செடிக்காக வழக்காடுவார் எவருமிலர்.

லெம்பா பெர்த்தாம் போன்ற தேயிலை நாட்டில், கொழுந்தையும் முற்றிய இலையையும் ஒரே நோக்கில் பிரித்தறியும் கண்கள் உண்டு. கழிமுகச் சேற்றுக்கு வேண்டுவதும் அக்கூர்மையே.