பேரிங்கும் வண்டிப் பாகமும்: சுங்கப் பட்டியலின் ஒரு விலக்குக் குறிப்பின் வரலாறு

வெஸ்டிங்ஹவுஸ் சாக்ஸ்பி ஃபார்மர் வழக்கில் 2021 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ரயில்வே சமிக்ஞை ரிலேக்களைப் பற்றியது. ஆனால் அதில் சொல்லப்பட்ட வாசிப்பைப் பிற பொருள்களுக்கும் நீட்டினால், அதிகம் குலைந்துபோவது பேரிங்குகளுக்கான 8482 ஆம் தலைப்புதான். அந்த வாசிப்பு பட்டியலின் வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ரிலேக்கள் மின்கருவி என்பதால் 8536 இல் அடங்கும் என்றது வருவாய்த்துறை. ரயில்வே சமிக்ஞைக்கென்றே செய்யப்பட்டவை, ஆகவே 8608 என்றது நிறுவனம். வண்டிகளும் பிற போக்குவரத்துச் சாதனங்களும் அடங்கும் பதினேழாம் பிரிவின் இரண்டாம் குறிப்பு 85 ஆம் அத்தியாய மின்கருவிகளைப் ‘பாகங்கள்’ என்ற வகையிலிருந்து விலக்குகிறது. மூன்றாம் குறிப்போ, முற்றிலும் அல்லது முதன்மையாக அப்பிரிவுப் பொருள்களோடு பயன்படுவதற்கு ஏற்றவையா என்று கேட்கிறது. நீதிமன்றம் மூன்றாம் குறிப்பைப் பயன்பாட்டுச் சோதனையாகக் கொண்டது. வேறிடங்களிலும் பயன்படக்கூடிய, தனிச் சரக்காக விற்கத்தக்க பொருள்களுக்கே விலக்கு பொருந்தும். ரயில்வேக்கு மட்டுமே உதவும் பாகத்தை வேறு அத்தியாயத்துக்குக் கொண்டுபோவது தொகுப்பு வகைப்பாட்டின் நோக்கத்தையே கெடுக்கும் என்றது.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு வண்டிக்கென்றே செய்த பொருளை வண்டியோடு சேர்த்து எண்ணுவதுதான் நடைமுறை அறிவு. ஆனால் இரண்டாம் குறிப்பின் முகப்பு வாசகத்தை இந்த வாசிப்பு கடந்து போய்விடுகிறது. கீழே வரும் பொருள்கள் இப்பிரிவின் சரக்குகளுக்கானவை என்று அடையாளம் காணத்தக்கவையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாகங்கள் ஆகா என்பது அதன் பொருள். குறிப்பிட்ட வண்டிக்கானது என்று தெரிந்த பின்னும் விலக்கு நிற்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எழுத முடியுமா? பொதுப்பயன் சரக்குகளை மட்டும் விலக்குவது நோக்கமென்றால் இந்தச் சொற்களுக்கு அங்கே வேலையே இல்லை. மூன்றாம் குறிப்பும் எதிர்மறையாகவே தொடங்குகிறது. முற்றிலும் அல்லது முதன்மையாகப் பயன்படாதவை பாகங்கள் ஆகா என்றுதான் அது சொல்கிறது. விலக்கப்பட்டதை மீண்டும் உள்ளே அழைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. இரண்டும் அடுத்தடுத்து வைத்த சல்லடைகள். முதலாவதில் நின்றுபோனது இரண்டாவதற்கு வருவதே இல்லை.

நான் அதிகம் சார்ந்து நிற்கும் சான்று இரண்டாம் குறிப்பின் ஐந்தாம் உட்கூறு. தீர்ப்பு ஆராய்ந்தது மின்கருவிகளுக்கான ஆறாம் உட்கூறை. அதற்கு ஒரு வரி மேலே, 8401 முதல் 8479 வரையிலான எந்திரங்களும் அவற்றின் பாகங்களும் விலக்கப்படுகின்றன. தொடர்ந்து 8481 அல்லது 8482 ஆம் தலைப்புப் பொருள்கள் விலக்கப்படுகின்றன. 8483 ஆம் தலைப்புப் பொருள்களோ, எஞ்சின் அல்லது மோட்டாரின் உள்ளுறுப்பாக அமைந்தால் மட்டுமே விலக்கப்படுகின்றன. பந்து, உருளை, ஊசி உருளை பேரிங்குகள் 8482. பேரிங் கூடுகள், வெற்றுத் தண்டுத் தாங்கிகளான புஷ்கள், கியர்கள், தண்டுகள் 8483. பட்டறையில் ஒரே அலமாரியில் கிடக்கும் இந்த உறவுக்காரர்களில் ஒருவருக்கு நிபந்தனை உண்டு, மற்றவருக்கு இல்லை.

காரணத்தைப் பட்டியலே காட்டுகிறது. கியர்பாக்ஸ், கிளட்ச் போன்றவற்றுக்கு, மோட்டார் வாகனப் பாகங்களுக்கான 8708 ஆம் தலைப்பில் தனித்தனி உட்தலைப்புகள் உண்டு. 8483 முழுவதையும் நிபந்தனையின்றி விலக்கியிருந்தால் அவை வெறுமையாகிவிடும். அதனால் கிராங்க் தண்டு போன்ற எஞ்சின் உறுப்புகளை மட்டும் பிரித்து விலக்கினார்கள். பேரிங்குக்கு 8708 இல் அப்படி ஓர் உட்தலைப்பு இல்லை. வேண்டிய இடத்தில் நிபந்தனை எழுதத் தெரிந்தவர்கள் 8482 க்கு எழுதவில்லை என்றால், அதை மறதி என்று கொள்ள எனக்கு மனமில்லை. தீர்ப்பின் வாசிப்பை இங்கே பொருத்தினால், எழுதப்படாத ஒரு நிபந்தனையை 8482 க்கும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கும்.

இந்த வேறுபாடு புதிதும் அல்ல. 1950 டிசம்பர் 15 அன்று பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தாகி 1959 இல் நடைமுறைக்கு வந்த பெயரிடல் ஒப்பந்தத்தின் பட்டியலில் பேரிங்குகள் 84.62, கூடுகளும் கியர்களும் 84.63. அங்கும் முன்னதற்கு நிபந்தனையற்ற விலக்கு, பின்னதற்கு எஞ்சின் நிபந்தனை. (இன்றைய 8462 உலோகத்தை வளைத்து அழுத்தும் எந்திரங்களுக்கானது, பழைய தீர்ப்புகளைப் படிப்போர் இங்கே கவனமாக இருக்க வேண்டும்.) இந்தியாவின் 1975 ஆம் ஆண்டுச் சுங்கப் பட்டியல் சட்டம் 1976 ஆகஸ்டில் அந்த முறையைக் கொண்டுவந்தது, 1986 பிப்ரவரியில் இன்றைய ஒத்திசைவு முறைக்கு மாறினோம். உலக அளவில் அம்முறை நடைமுறைக்கு வந்தது 1988 ஜனவரி 1 இல். எண்கள் மாறின, வேறுபாடு மாறவில்லை. லீக் ஆஃப் நேஷன்ஸின் 1931 ஜெனீவா வரைவு வரை இதன் வேர் போகலாம். தொடக்க ஆண்டை உறுதியாகச் சொல்ல பிரஸ்ஸல்ஸ் உரை மட்டும் போதாது.

பேரிங்கை எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டு வகைப்படுத்தும் எண்ணம் பட்டியலை எழுதியவர்களுக்கு இல்லை என்பதற்கு 84 ஆம் அத்தியாயத்தின் எஃகுக் குண்டுகள் பற்றிய குறிப்பும் துணை நிற்கிறது. மெருகேற்றிய எஃகுக் குண்டின் மிகப் பெரிய, மிகச் சிறிய விட்டங்கள் பெயரளவு விட்டத்திலிருந்து 1 விழுக்காட்டுக்கு மேலும் 0.05 மி.மீ. க்கு மேலும் விலகக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. அதற்குள் இருந்தால் 8482, இல்லையேல் பிற இரும்பு, எஃகுப் பொருள்களுக்கான 7326. இரண்டு எல்லைகளும் சந்திப்பது 5 மி.மீ. விட்டத்தில். 3 மி.மீ. குண்டுக்கு எல்லை 0.03 மி.மீ., 25 மி.மீ. குண்டுக்கு 0.05 மி.மீ. பேரிங் உற்பத்தியாளர்கள் மைக்ரோமீட்டர் கணக்கில் பார்க்கும் துல்லியத்தோடு ஒப்பிட்டால் இது மிகத் தாராளமான எல்லை. பேரிங்கில் போட முடியாத குண்டும் இதில் தேறும். குண்டு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை, அளக்கிறார்கள்.

இந்தச் சர்ச்சையில் பணமும் இருக்கிறது. அண்மைய ஆண்டுகளில் 8482 க்கு அடிப்படைச் சுங்க வரி 7.5 விழுக்காடு, 8708 க்கு 15. பயன்பாட்டுச் சோதனை முதலில் வந்தால் ஒரே கார் மாடலுக்கான சாதாரண பந்து பேரிங்கும் இரட்டிப்பு வரிக்குப் போகும். மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் 2022 ஜனவரி 5 அன்று வெளியிட்ட அறிவுறுத்தல், தீர்ப்பை எல்லா வாகனப் பாகங்களுக்கும் அப்படியே பொருத்த வேண்டாம் என்று எச்சரித்தது. ஒத்திசைவு முறையின் விளக்கக் குறிப்புகள் சொல்லும் மூன்று நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேற வேண்டும்: இரண்டாம் குறிப்பால் விலக்கப்பட்டிருக்கக் கூடாது, பயன்பாட்டில் பொருந்த வேண்டும், வேறெங்கும் இன்னும் குறிப்பாகச் சொல்லப்பட்டிருக்கக் கூடாது. என் வாசிப்பும் இதே வரிசையைத்தான் கோருகிறது.

சிக்கலான எல்லை ஒன்று மிஞ்சுகிறது: பேரிங்கும் விளிம்புத் தட்டும் போல்ட் துளைகளும் ஒன்றாக வரும் சக்கர ஹப். இங்கே என் வாதத்துக்குச் சான்று மெலிவு என்பதை ஏற்கிறேன். ஆனாலும் கேள்வியின் வரிசை மாறக் கூடாது. அது எந்த வண்டிக்கானது என்று கேட்கும் முன், சக்கரத்தைப் பொருத்தும் வேலையும் சேர்ந்த பிறகு அது இன்னும் 8482 ஆம் தலைப்புப் பொருள்தானா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் ஐந்தாம் உட்கூறு அதை வெளியேற்றிவிடும். இல்லை என்றால், அது 8708 க்குப் போவது பேரிங் அல்ல என்பதால்தான். ஒரு காருக்கென்றே செய்யப்பட்டது என்பதால் அல்ல. எளிய முதல் தலைமுறை ஹப் பேரிங்குகள் முதல் பக்கம், விளிம்புத் தட்டோடு வரும் மூன்றாம் தலைமுறை ஹப்கள் பெரும்பாலும் இரண்டாம் பக்கம் என்பது என் கருத்து. நடுவில் வரும் இரண்டாம் தலைமுறை வடிவங்களை வரைபடத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.